மூடியைத் திறந்து காட்டும் சந்தை: பழைய வண்ணாரப்பேட்டை வாட்ச் சேகரிப்பாளர் கூடல்

பழைய வாட்ச் வாங்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: "பின்மூடியைத் தொறந்து காட்டுவீங்களா?" நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பார்கள். "தொறந்தா தூசி போயிடும்", "சீல் போயிடும்" என்பார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை நடந்த சேகரிப்பாளர் கூடலில் அந்தப் பேச்சே எழவில்லை. கேட்டவருக்குத் திறந்து காட்டாத மேசையை எடுத்துவிடுவோம் என்று மாடிப்படி ஏறும் இடத்திலேயே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அதைக் காகிதத்தோடு விடாமல் நடைமுறையிலும் காப்பாற்றினார்கள். "பாய், ஒருதரம் மூடியைத் தொறங்களேன்" என்று ஒரு பையன் கேட்க, "இந்தாங்க தம்பி, லென்ஸு வெச்சு நல்லா பாருங்க" என்று மேசைக்காரப் பெரியவர் மூடி திறக்கும் கத்தியை எடுத்தார். இந்தக் கூடலுக்கு மதிப்பெண் போடுவதென்றால் பாதி மதிப்பெண் இந்த ஒரு விதிக்கே போய்விடும்.

நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். காலை 9 முதல் மாலை 5 வரை. சுமார் 40 மேசைகள். சென்னைக்காரர்களோடு வேலூர், நெல்லூர், புதுச்சேரி, பெங்களூர் பக்கத்திலிருந்தும் விற்க வந்திருந்தார்கள்.

காரில் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எம்.சி. ரோடு துணிக்கடைக் கூட்டத்தில் டூவீலர் நுழைவதே பாடு. மெட்ரோவில் தியாகராயர் கல்லூரி ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். மின்சார ரயிலில் வருகிறவர்களுக்கு வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன் பக்கம். கையில் இருக்க வேண்டியவை: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வெள்ளை ஒளி தரும் சின்ன டார்ச், ஒரு சிறிய திசைகாட்டி, மில்லிமீட்டர் கணக்கில் அளக்க ஒரு வெர்னியர். பணம் நோட்டாகவும் இருக்கட்டும். மண்டபத்தின் உள்பக்க மேசைகளில் போன் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் யுபிஐ பலருக்குப் பாதியில் நின்றது.

முதல் ஒரு மணி நேரம் வியாபாரிகள் தங்களுக்குள் வாங்கி விற்கிற நேரம். அரிதான பொருள் அப்போதுதான் கைமாறும். அனுபவம் இல்லாதவர் அந்த நெருக்கடியில் போய் நிற்க வேண்டாம். பத்தரைக்கு மேல் போனால் மேசைக்காரருக்கும் பேச நேரம் இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் விலை இறங்குகிறது, ஆனால் சோதனை மேசையில் வரிசை நீளுகிறது. திறக்காமல், சோதிக்காமல் வாங்கிப் போக நேர்ந்தால் விலை இறங்கியதில் லாபம் ஒன்றும் இல்லை.

எச்.எம்.டி. மேசைகள்

வந்த கூட்டத்தில் முக்கால்வாசி எச்.எம்.டி.க்காகவே வந்தது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அதன் பிறகு விலை ஏறியது, ஏறிய விலையோடு சேர்ந்து போலியும் பெருகியது. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா என்று பெயர்கள் பல இருந்தாலும், சாவி கொடுக்கிற ஜனதாவிலும் பைலட்டிலும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் ஒரே மிஷின்: 0231 என்ற எண் கொண்டது, அச்சுகள் தேயாமலிருக்க 17 கல், நொடிக்கு 5 டிக். ஆகவே டயலை மாற்றினால் ஜனதா பைலட்டாகிவிடும். பைலட்டுக்கு விலை அதிகம். எல்லாத் தில்லுமுல்லும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மேசையில் ஆறு பைலட் வரிசையாக இருந்தன. இரண்டு கறுப்பு; மற்றவை ஆரஞ்சு, கிளிப்பச்சை, சிவப்பு, வானநீலம். கலர் டயல்களில் பெரும்பாலானவை பழைய டயலைச் சுரண்டி மறுபடி அச்சடித்தவை. மேசைக்காரர் அதை மறைக்கவில்லை. "ரீபிரிண்ட் – 900" என்று சீட்டு வைத்திருந்தார். கறுப்பு இரண்டில் ஒன்றுக்கு 5,500, இன்னொன்றுக்கு 1,200. வித்தியாசம் ஏன் என்பது லென்ஸில் தெரிந்தது. 1,200 ரூபாய் டயலில் எழுத்தின் ஓரம் தண்ணீரில் பட்ட மைபோலக் கசிந்திருந்தது. நிமிடக் கோடுகளில் 22-க்கும் 23-க்கும் நடுவில் இடைவெளி கூடுதல். நடு ஓட்டையைச் சுற்றி வண்ணம் தடித்து, மேடுபோல உருண்டிருந்தது. 5,500 ரூபாய் டயலில் வெள்ளை எழுத்து கறுப்பின் மேல் லேசாகத் தூக்கலாக, ஓரம் வெட்டினாற்போல நின்றது. நாலு மணிக்குப் பக்கத்தில் ஈரம் ஏறிய ஒரு சிறு புள்ளி. அந்தப் புள்ளி இருப்பது நல்லது. இத்தனை வருஷம் கடந்த டயல் குறையே இல்லாமல் பளபளவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

டயல் முடிந்ததும் முட்கள். டயலில் ஒளிரும் பூச்சு மஞ்சளடித்து, முள்ளில் மட்டும் வெள்ளையாக இருந்தால் முள் மாற்றப்பட்டிருக்கிறது. நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோட்டைத் தொட வேண்டும். எட்டாமல் நின்றால் அது வேறொரு வாட்சின் முள். மூன்றாவது, கேஸ். பழைய ஜனதாக்களில் பித்தளை மேல் குரோம் பூசிய கேஸ், பின்மூடி மட்டும் எஃகு. கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் ஸ்டிராப் மாட்டும் காதுகளின் உள்பக்கத்தில்தான் முதலில் குரோம் உரிந்து பச்சைக் களிம்பு ஏறும். காசிமேடு, ராயபுரம் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த வாட்சுகளில் இதைத் தவறாமல் பார்க்கலாம். மறுபடி குரோம் போட்ட கேஸ் கண்ணாடிபோல மின்னும், ஆனால் பஃப் அடித்ததில் கூர்மையான ஓரங்கள் சோப்புக்கட்டிபோல மழுங்கியிருக்கும். களிம்பேறிய அசலா, மழுங்கிய பளபளப்பா என்றால் அசலைத்தான் எடுக்க வேண்டும்.

"புது ஸ்டாக், டப்பாவோட" என்று இரண்டு மேசைகளில் சொன்னார்கள். டப்பாவும் கேரண்டி அட்டையும்கூட இப்போது புதிதாக அச்சாகின்றன. உண்மையிலேயே கட்டப்படாத வாட்சாக இருந்தாலும், பத்து வருஷத்துக்கு மேல் டப்பாவில் கிடந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும். ஓடுகிறதே என்று அப்படியே கட்டினால் எண்ணெய் காய்ந்த பிவட் (சக்கர அச்சின் நுனி) தேயும். புது ஸ்டாக் விலையோடு ஒரு முழு சர்வீஸ் செலவையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். மேசைகளில் இதை யாரும் தாங்களாகச் சொல்லவில்லை.

மூடி திறந்ததும் எதைப் பார்ப்பது

முதலில் மூடியின் உள்பக்கம். ரிப்பேர்காரர்கள் சர்வீஸ் செய்த தேதியை அங்கே கீறி வைப்பது பழைய வழக்கம். நாலைந்து கீறல் இருந்தால் நல்லது, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்தது ஸ்குரூத் தலைகள். பள்ளம் பிய்ந்து, ஓரம் சிதைந்திருந்தால் அளவு தப்பிய ஸ்குரூடிரைவரால் பலமுறை நோண்டியிருக்கிறார்கள். சக்கரங்களைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் தகட்டின் மேல் பழுப்புத் துரு இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சாவித் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் துரு இருந்தால் தண்டு முறியும் நாள் தூரத்தில் இல்லை.

பேலன்ஸ் வீலை, அதாவது இங்குமங்கும் வீசிச் சுழன்று நேரத்தை அளக்கும் சக்கரத்தை, டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டையாக, ஆட்டமில்லாமல் சுழல வேண்டும். சுழலும்போது விளிம்பு ஏறி இறங்கினால் வீல் வளைந்திருக்கிறது, அல்லது அதன் அச்சான ஸ்டாஃபின் பிவட் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது கீழே விழுந்த வாட்ச். பேலன்ஸோடு சேர்ந்திருக்கும் முடிபோன்ற சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே இடைவெளியில் விரிந்து சுருங்க வேண்டும். மிஷின் முழுக்க எண்ணெய் மினுமினுப்பாக இருந்தால் அதைக் கவனிப்பு என்று நினைக்க வேண்டாம். கழற்றாமல் பெட்ரோலில் முக்கி எடுத்துத் தையல் மிஷின் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அந்த எண்ணெய் பரவி ஹேர்ஸ்பிரிங்கில் ஏறினால் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு வாட்ச் நிமிடக்கணக்கில் முந்தும்.

சோதனை மேசை

ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதுதான் உண்மையான பலன். டோக்கன் 20 ரூபாய். ஒருவர் மூடி திறக்கிறார், இன்னொருவர் டைம்கிராஃபரில் வைக்கிறார், மூன்றாமவர் வாட்சில் ஏறிய காந்தத்தை நீக்குகிறார். வந்த எண்களைச் சீட்டில் எழுதி, முத்திரை குத்தித் தருகிறார்கள்.

டைம்கிராஃபர் என்பது வாட்சின் டிக் சத்தத்தை மைக்கில் கேட்டு மூன்று கணக்குச் சொல்லும் கருவி. நாளுக்கு எத்தனை நொடி முந்துகிறது அல்லது பிந்துகிறது. பேலன்ஸ் எத்தனை டிகிரி வீசுகிறது. டிக்குக்கும் டாக்குக்கும் நடுவே எவ்வளவு ஏற்றத்தாழ்வு. நிறையப் பேர் முதல் எண்ணை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். அது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் முள்ளை ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் எண். வாட்சின் உடம்பு எப்படியிருக்கிறது என்பதைச் சொல்வது இரண்டாவது எண். முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க வைத்தால் வீச்சு 250 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். 270, 280 என்றால் மிக நன்று. 200-க்குக் கீழே என்றால் சர்வீஸ் இல்லாமல் கட்டக் கூடாது. நிற்க வைத்துப் பார்க்கும்போது கொஞ்சம் குறைவது இயல்பு. மூன்றாவது எண் ஒரு மில்லி செகண்டுக்குள் இருந்தால் பழைய வாட்சுக்குப் போதும். அதற்கு மேல் போனால், ஹேர்ஸ்பிரிங்கின் வெளி முனையைப் பிடிக்கும் ஸ்டட் நகரும் மிஷினில் நிமிடத்தில் சரிசெய்யலாம். நகராத மிஷினில் பேலன்ஸைக் கழற்றி, ஹேர்ஸ்பிரிங்கின் உள் முனையைப் பிடிக்கும் காலட் வளையத்தைத் திருப்ப வேண்டும், அது தேர்ந்த கை செய்ய வேண்டிய வேலை.

இந்த மேசையில் இரண்டு குறை. வரிசை வேகமாக நகர வேண்டும் என்று சாவி கொடுக்காமலே வாட்சை மைக்கில் வைத்தார்கள். காலையிலிருந்து பல கை மாறிச் சாவி இறங்கிப்போன வாட்சில் வீச்சு 190 காட்டும். அதே வாட்ச் முழுச் சாவியில் 260 காட்டலாம். டோக்கன் எடுத்ததுமே 25, 30 சுற்று சாவி கொடுத்து, சாவி இனிச் சுற்றாது என்று நின்றதும் நிறுத்தி, ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கொடுங்கள். இரண்டாவது, வீச்சைக் கணக்கிடக் கருவிக்குக் கொடுக்கும் லிஃப்ட் ஆங்கிள் என்ற அளவை எல்லா வாட்சுக்கும் 52 டிகிரியிலேயே விட்டிருந்தார்கள். மிஷினுக்கு மிஷின் அது மாறும். தவறாக வைத்தால் நொடிக் கணக்கு மாறாது, வீச்சுக் கணக்கு மாறும். வாங்குகிறவர் தன் மிஷினுக்குரிய அளவைத் தெரிந்து வைத்துக்கொண்டு, "அண்ணே, லிஃப்ட் ஆங்கிளை மாத்தி ஒருதரம் போடுங்க" என்று கேட்டால் மறுக்காமல் செய்தார்கள்.

திரையில் புள்ளிகள் இரண்டு நேர்க்கோடாகப் போக வேண்டும். மழை தூறினாற்போலச் சிதறினால் எண்களை நம்ப வேண்டாம். அழுக்கு, தேய்மானம் அல்லது காந்தம். காந்தம் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மதியம் வரை நாலைந்து வாட்சுகள் நாளுக்கு மூன்று நிமிடம், நாலு நிமிடம் முந்துவதாகச் சோதனை மேசைக்கு வந்தன. எல்லாம் மேடைக்குப் பக்கத்து இரண்டு மேசைகளிலிருந்து வந்தவை. அறிவிப்புக்காக வைத்த பெரிய ஸ்பீக்கர் பெட்டி அந்த மேசைகளை ஒட்டியே இருந்தது. ஸ்பீக்கரின் பின்னால் இருப்பது கனத்த காந்தம். அதை உரசினாற்போல வைத்த தட்டில் கிடந்தால் ஹேர்ஸ்பிரிங் காந்தமேறி, சுற்றுகள் ஒன்றையொன்று இழுத்து, ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல ஆகி, வாட்ச் ஓட்டமெடுக்கும். திசைகாட்டியைப் பேலன்ஸ் பக்கம் கொண்டுபோனால் முள் படபடவென்று துடித்தது. காந்தம் நீக்கும் டீமேக்னடைசரில் வைத்து, பட்டனை அழுத்தியபடியே மெதுவாக ஒரு முழம் தூரம் விலக்கிய பிறகு பட்டனை விட வேண்டும். பக்கத்திலேயே வைத்து விட்டால் காந்தம் போகாது, கூடவும் செய்யும். அந்த வாட்சுகள் எல்லாம் ஒரே நிமிடத்தில் சரியாகின. வாட்ச் சந்தையில் ஸ்பீக்கர் பெட்டியை எங்கே வைப்பது என்று ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். மதியத்துக்குப் பிறகு நகர்த்தினார்கள்.

துபாய் சீக்கோ, ஸ்விஸ், ரயில்வே

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கையில் சீக்கோ 5 கட்டிக்கொண்டு வந்த காலத்தின் மிச்சம் வடசென்னையில் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பர்மா பஜார் வழியாக வந்தவையும் உண்டு. கிழமைச் சக்கரத்தில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்து வந்தால் பயப்பட வேண்டாம், அந்தச் சந்தைக்கென்றே போனது அது. சீக்கோவில் சரிபார்ப்பது எளிது. பின்மூடியில் 7009 என்று தொடங்கும் எண் இருந்தால் உள்ளே மிஷினிலும் 7009 இருக்க வேண்டும், டயலின் அடியில் நுண்ணெழுத்திலும் அதுவே தொடங்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் வாட்ச் முழுசு. மூடியில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருந்தால் மூன்று வாட்சின் உறுப்பில் தைத்த ஒட்டுப்போட்ட வாட்ச். மும்பைப் பக்கத்திலிருந்து அட்டைப்பெட்டியில் மொத்தமாக வரும் பளபளப்பான கலர் சீக்கோக்கள் பெரும்பாலும் இந்த வகை. பழைய ஆறு இலக்க சீரியலில் முதல் எண் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை மாடலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். 7009-க்குச் சாவி கொடுக்க முடியாது. கையில் ஆட்டினால்தான் ஏறும். சாவியைச் சுற்றிச்சுற்றி "ஓடலை" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் சிலர். தேதியை வேகமாக மாற்றுவதை இரவு 9 முதல் 3 வரை செய்யாதீர்கள். அந்த நேரம் தேதிப் பல் பிடிப்பில் இருக்கும், தள்ளினால் பல் முறியும்.

ஃபேவர் லூபா மேசை ஒன்றே ஒன்று, ஆனால் சுத்தமான மேசை. டயலில் 'ட்வின் பவர்' என்றிருந்தால் உள்ளே இரண்டு ஸ்பிரிங் பேரல், அதாவது வாட்சை ஓட்டும் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பா, இருக்க வேண்டும். திறந்தால், சாவி கொடுக்கும்போது சுழலும் ராட்செட் சக்கரம் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் தெரியும். டயலில் மணி காட்ட ஒட்டியிருக்கும் உலோகக் கட்டைகளின் அடியில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மறுபடி வண்ணம் அடித்த டயலில் கட்டையின் காலடியில் வண்ணம் ஏறி வளையமாக நிற்கும். அதே மேசையில் பழைய ராணுவ வகை வாட்ச் ஒன்றில், முள் நின்ற இடத்தின் அடியில் டயல் பழுப்பாகத் தீய்ந்திருந்தது. அது ரேடியம். இருட்டில் ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போகாது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கண்ணாடியைத் திறந்து அந்தப் பூச்சைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. வியாபாரி இதைத் தானாகவே சொல்லி விற்றார். பாராட்டத்தக்கது.

ரயில்வே சட்டைப்பை வாட்சுகள் ராயபுரத்துக்குப் பக்கத்தில் விற்பதற்குத் தனி ருசி உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி கிளம்பியது இங்கிருந்துதான். ஒரு மேசையில் எம். அண்டு எஸ்.எம். என்று பின்மூடியில் பொறித்த வாட்சை "முதல் ரயில் காலத்தது" என்று சீட்டெழுதி வைத்திருந்தார்கள். அது முடியாது. மெட்ராஸ் ரயில்வேயும் சதர்ன் மராட்டா ரயில்வேயும் சேர்ந்து அந்தப் பெயர் வந்ததே 1908-இல்; 1951-இல் அது தென்னக ரயில்வேயில் கரைந்தது. ஆகப் பொறிப்பு அந்த 43 வருஷத்துக்குள் விழுந்தது. இப்படிப் பார்த்தால், 1906-இல் இந்திய நேரம் வருமுன் ரயில்கள் ஓடிய மதராஸ் நேரத்தை இந்தப் பொறிப்பு கண்டதே இல்லை. விவரம் சொன்னதும் சீட்டை மாற்றினார்கள், விலையும் குறைந்தது. பி. ஆர் அண்டு சன்ஸ், மெட்ராஸ் என்று டயலில் எழுதிய ஒன்றும் இருந்தது. மவுண்ட் ரோட்டின் பழைய கடை அது. டயலில் இருப்பது விற்றவர் பெயர், மிஷின் செய்தவர் வேறு. அதையும் திறந்தால்தான் தெரியும்.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் மேசைகளில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: பேட்டரி போட்டுத் தருகிறேன் என்றால் எஸ்.ஆர். 626 என்று எழுதியதைக் கேளுங்கள். எல்.ஆர். என்று தொடங்குவது விலை மலிவு, சீக்கிரம் இறங்கும், கசிந்தால் சர்க்யூட்டையே தின்றுவிடும்.

ரிப்பேரும் ஸ்பேரும்

அங்கேயே ரிப்பேர் செய்யும் மேசைகள் மூன்று. பிளாஸ்டிக் கண்ணாடி மாற்ற 150 ரூபாய், ஸ்டிராப் மாட்ட இலவசம். கண்ணாடி மாற்றியவர்களில் ஒருவர் அளவெடுத்து, பிரஸ்ஸில் நிதானமாகப் போட்டார். இன்னொருவர் ஒரு சைஸ் பெரியதைக் கட்டைவிரலால் அமுக்கினார். அப்படிப் போட்ட கண்ணாடியில் ஓரத்தில் முடிபோல விரிசல் விழும், சில வாரத்தில் தெரியும். வெறும் கீறலுக்காகக் கண்ணாடியை மாற்றவும் வேண்டாம். பிளாஸ்டிக் கண்ணாடி என்றால் பற்பசையை மெல்லிய துணியில் எடுத்துப் பத்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தாலே போய்விடும். மினரல் கண்ணாடியில் இது வேலை செய்யாது.

சாவி மாற்றுவதை அங்கே செய்துகொள்ள வேண்டாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. தண்டை வெளியே எடுக்க, அதைப் பிடித்திருக்கும் செட்டிங் லீவரின் ஸ்குரூவை ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்றுதான் தளர்த்த வேண்டும். அவசரத்தில் கூடத் திருப்பினால் லீவர் உள்ளே கழன்று விழும். பிறகு முள், டயல் எல்லாம் கழற்றினால்தான் திரும்ப வைக்க முடியும். கூட்ட நெரிசலில் அன்று அப்படியும் ஒன்று நடந்தது.

0231-க்கு முழு சர்வீஸ் 800 முதல் 1,200 வரை கேட்டார்கள். தொகை நியாயம். ஆனால் எதைச் செய்வார்கள் என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். மெயின் ஸ்பிரிங்கைப் பேரலிலிருந்து வெளியே எடுக்கிறார்களா? எடுத்த ஸ்பிரிங் விரிந்து எஸ் வடிவத்தில் நிற்க வேண்டும். சுருண்டே கிடந்தால் சோர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். பேலன்ஸைத் தள்ளிவிடும் கவையான பேலட் ஃபோர்க்கை ஸ்பிரிட்டில் ஊறவைக்கிறார்களா? வைக்கக் கூடாது, கற்களைப் பிடித்திருக்கும் அரக்கு கரையும். எண்ணெய் எத்தனை வகை? குறைந்தது மூன்று வேண்டும்: சக்கரப் பிவட்டுக்கு மெல்லியது, சாவிப் பக்கத்துக்குக் கெட்டியானது, பேலட் கல்லுக்கு ஒட்டி நிற்பது. பேலட் பிவட்டுக்கு எண்ணெயே கூடாது. மூன்று மேசைகளில் ஒரு மேசைக்காரர்தான் இவ்வளவையும் கேட்காமலே சொன்னார். அவரிடம் வாட்சைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் காத்திருக்கலாம்.

ஸ்பேர் டப்பாக்கள் இந்தக் கூடலின் புதையல். 0231-க்கான தண்டு, சாவி, பேலன்ஸ் முழு செட், மெயின் ஸ்பிரிங் எல்லாம் கிடைத்தன. பழையதைக் கையோடு கொண்டுபோய் வெர்னியரில் அளந்து ஒப்பிட்டு வாங்குங்கள். உறை மேல் எழுதிய எண்ணை நம்பி வாங்கினால் உறை மாறியிருக்கலாம். பேலன்ஸ் செட் எடுக்கும்போது ஹேர்ஸ்பிரிங் தட்டையாக இருக்கிறதா என்று உறைக்குள்ளேயே பாருங்கள். தாளில் மடித்து வைத்ததில் அமுங்கியவை பாதிக்கு மேல். ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் ஸ்டிராப் 18 மில்லிமீட்டர்.

குறைகள் இன்னும் சில. மேல்மாடியில் ஏசி இல்லை. வைகாசிப் புழுக்கத்தில் திறந்த மிஷினுக்கு மேலே வியர்வை சொட்டும் நெற்றியோடு குனிந்து பார்க்கிறார்கள். ஒரு சொட்டு விழுந்தால் எஃகில் துருப்பிடிக்க ஒரு வாரம் போதும். விரலுறையும் ஒரு துண்டும் மேசைக்கு மேசை வைத்திருக்கலாம். மின்விசிறி வேகத்தில் ஒரு மேசையில், ஸ்டிராப் மாட்டும் சின்ன ஊசியான ஸ்பிரிங் பார் பறந்தே போனது. வெளிச்சம் மஞ்சள் சீரியல் விளக்கு. ரீபிரிண்ட் டயலும் அசல் டயலும் அதில் ஒன்றுபோலத் தெரியும். ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்க்க விட்டார்கள், அதுவரை நல்லது. சாப்பாடு கீழ்த்தளத்தில் சாம்பார் சாதமும் தயிர் சாதமும். மாலை முடித்துப் போகிறவர்கள் பீச் ஸ்டேஷன் பக்கம் இறங்கி பர்மா நூடுல்ஸான அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் சாப்பிட்டுப் போகலாம்.

பில் விஷயத்தில் கண்டிப்பு போதவில்லை. பாதி மேசைகளில் கேட்டால்தான் எழுதித் தந்தார்கள். கேட்டே வாங்குங்கள். "டயல் ரீபிரிண்ட், முள் மாற்றியது, மிஷின் அசல்" என்று எழுதியிருக்க வேண்டும். சோதனைச் சீட்டு உள்ள வாட்சை ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பது இங்கே விதி. சீட்டு இல்லாததற்கு அந்த உரிமை இல்லை.

அந்த ஏழு நாளைப் பயன்படுத்தும் முறை: தினமும் காலையில் ஒரே நேரத்தில் முழுச் சாவி கொடுத்து, போன் நேரத்தோடு நொடி வரை ஒப்பிட்டு எழுதுங்கள். முதல் இரண்டு இரவு டயல் மேலே பார்க்கவும், அடுத்த இரண்டு இரவு சாவி கீழே இருக்கும்படி நிறுத்தியும் வையுங்கள். மற்ற நாட்களில் கையில் கட்டுங்கள். ஒருநாள் மட்டும் சாவி கொடுக்காமல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். ஒன்றரை நாளை நெருங்க வேண்டும். நாளுக்கு 30 நொடி முந்தினாலும் தினமும் அதே 30 என்றால் வாட்ச் நலம், ரெகுலேட்டரைத் தட்டினால் போதும். இன்று 10, நாளை 90 என்று தாவினால் அல்லது 24 மணி நேரத்துக்குள் நின்றால், எழுதிய தாளையும் சோதனைச் சீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஏழாம் நாளுக்குள் மேசைக்காரரிடம் போங்கள்.